ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் வந்துவிட்ட பிறகு ஆராய்ச்சியாளருக்கு என்ன வேலை?

மருத்துவப் பட்டம் முடித்து நுரையீரல் நோய்ப் பிரிவில் மேற்படிப்புக்குச் சேரவிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஆஸ்துமா ஆராய்ச்சியை வாழ்நாள் பணியாக எடுத்துக்கொள்ள விருப்பம், ஆனால் நல்ல இன்ஹேலர்கள் வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்ட நிலையில் இதில் கண்டுபிடிக்க என்ன மிச்சம், இத்துறை ஆராய்ச்சியாளரின் வாழ்க்கை எப்படி இருக்கும், மேற்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளில் என்ன செய்யலாம் என்று. மேலோட்டமாக இது தொழில் வழிகாட்டல் கேட்கும் கேள்வி. ஆனால் பெரிய வேலைகள் எல்லாம் முடிந்துபோன ஒரு துறைக்குள் காலம் தாழ்ந்து நுழைகிறோமோ என்ற ஐயம்தான் இதன் அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. எனவே முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு, பிறகு அன்றாட வாழ்க்கைக்கு வருகிறேன். நான் பல ஆண்டுகளாக ஆஸ்துமா நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துக்கொண்டே அவர்களிடையே ஆய்வுகளையும் நடத்தி வருபவன். நோயாளியை நேரில் வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பற்றி உறுதியோடு பேச முடியும். மரபணு, மூலக்கூறு ஆய்வுகளைப் படித்தும் அவற்றைச் செய்யும் சக ஆய்வாளர்களிடம் கேட்டும் அறிந்தவன் மட்டுமே என்பதால், அந்தப் பகுதிகளில் என் சொல்லுக்குக் குறைந்த எடையே கொடுங்கள்.

ஐயத்துக்கு இடமில்லாததிலிருந்து தொடங்குகிறேன். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் மூச்சுக்குழாய் அழற்சியைக் கட்டுப்படுத்துகின்றன, கடுந்தாக்குதல்களைக் குறைக்கின்றன, இறப்பைத் தடுக்கின்றன. ஆனால் அவை நோயைக் குணப்படுத்துவதில்லை, அதன் போக்கை மாற்றுவதும் இல்லை. அமெரிக்காவில் 1,041 குழந்தைகளை வைத்து நடந்து, 2000-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆண்டுக்கணக்கில் பியூடெசொனைடு என்ற உள்ளிழுக்கும் ஸ்டீராய்டை எடுத்த குழந்தைகள் மருந்து எடுத்த காலத்தில் நன்றாக இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய நுரையீரல் வளர்ச்சி, எடுக்காதவர்களுடையதைக் காட்டிலும் மேம்படவில்லை. இன்னும் இளம் வயதிலேயே தொடங்கினால் பலன் இருக்குமோ என்று பார்த்த மற்றோர் ஆய்வு 2006-இல் வெளியானது. ஆஸ்துமா வரும் வாய்ப்பு மிகுந்த மழலைகளுக்கு இரண்டு ஆண்டுகள் ஸ்டீராய்டு கொடுத்து நிறுத்திய பிறகு, மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு இல்லாமல் போயிற்று. ஆஸ்துமாவை வராமல் தடுக்கவோ, வந்ததை வேரோடு நீக்கவோ இன்றுவரை ஒரு மருந்தும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019-இல் ஏறத்தாழ 26 கோடி பேருக்கு ஆஸ்துமா இருந்தது, அவ்வாண்டில் சுமார் 4,55,000 பேர் அதனால் இறந்தார்கள். இந்த இறப்புகளில் பெரும்பகுதி குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் நிகழ்கிறது. அங்கே மருந்து நோயாளியைச் சென்று சேராததே தலையாய காரணம். மருந்து சென்று சேர்ந்தும் பலன் காணாதவர்களும் ஒரு கணிசமான பகுதியினர் இருக்கிறார்கள். இந்த இரு கூட்டத்தாரைப் பற்றியும் செய்ய வேண்டிய ஆராய்ச்சி வெவ்வேறு வகையானது, இரண்டுமே முடியவில்லை.

இத்துறையின் வரலாற்றில் நான் திரும்பத் திரும்ப மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆஸ்துமா ஆராய்ச்சியாளர் என்பவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பது அதில் தெளிவாகத் தெரியும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஈசினோபில் என்ற வெள்ளணு ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சுக்குழாயில் குவிந்து கிடப்பது நெடுங்காலமாக அறிந்த செய்தி. அந்த அணு உருவாவதற்கும் உயிர்த்திருப்பதற்கும் இன்டர்லூக்கின்-5 என்ற புரதம் தேவை. அப்புரதத்தைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புப்பொருளாக மெப்போலிசுமாப் தயாரானபோது எதிர்பார்ப்பு மிகப் பெரிதாக இருந்தது. 2000-இல் வெளியான முதல் ஆய்வில், ஒவ்வாமைசார்ந்த எளிய ஆஸ்துமா உள்ள 24 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. மருந்து பெற்றவர்களின் இரத்தத்திலும் சளியிலும் ஈசினோபில்கள் வீழ்ச்சியடைந்தன. ஆனால் ஒவ்வாமைப் பொருளை முகரச் செய்தபோது மூச்சுக்குழாய் முன்போலவே சுருங்கியது. பின்னர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய பெரிய ஆய்விலும் நோயாளிகளின் நிலையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்று 2007-இல் அறிவித்தார்கள். ஈசினோபில் வெறும் வேடிக்கை பார்க்கும் அணு, ஆஸ்துமாவுக்கும் அதற்கும் காரணத் தொடர்பில்லை என்று அக்காலத்தில் பலர் எழுதினார்கள். மருந்து ஏறக்குறைய கைவிடப்பட்ட நிலைதான்.

2009-இல் ஒரே ஆய்விதழின் ஒரே இதழில் இரண்டு சிறிய ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று இங்கிலாந்தின் லெஸ்டரில் 61 பேரிடம் நடந்தது. மற்றது கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பரமேஸ்வரன் நாயர் குழுவினர் வெறும் 20 பேரிடம் நடத்தியது. மருந்து அதேதான். மாறியவை இரண்டே. முதலாவது, நோயாளியைத் தேர்ந்த விதம்: ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டும் சளியில் ஈசினோபில் குறையாதவர்களை மட்டும் சேர்த்தார்கள். இரண்டாவது, எதை அளப்பது என்ற முடிவு: நுரையீரல் கொள்திறன் எவ்வளவு கூடியது என்பதைவிடக் கடுந்தாக்குதல் எத்தனை முறை வந்தது என்பதை முதன்மையாகக் கவனித்தார்கள். லெஸ்டர் ஆய்வில், ஓராண்டில், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி ஊசி பெற்றவர்களுக்குச் சராசரியாக 3.4 கடுந்தாக்குதல்கள் வந்திருக்க, மெப்போலிசுமாப் பெற்றவர்களுக்கு 2.0 மட்டுமே வந்தன. மெக்மாஸ்டர் ஆய்வில், மெப்போலிசுமாப் பெற்றவர்கள் மாத்திரை ஸ்டீராய்டைக் குறைத்தாலும் நோய் முற்றாமல் தாக்குப்பிடித்தார்கள். 2015 நவம்பரில் அம்மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆஸ்துமா என்ற ஒரே பெயரின்கீழ் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்பதும், அவற்றைப் பிரித்தறியாமல் மருந்தைச் சோதித்தால் நல்ல மருந்தும் தோற்றுப்போகும் என்பதும் அன்று முதல் யாரும் மறுக்க முடியாத செய்திகள் ஆயின.

எனக்கு இதில் வியப்பளிப்பது வேறொன்று. இதே பாடம் அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருமுறை கற்பிக்கப்பட்டிருந்தது. 1956-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்திய ஆய்வில், நாட்பட்ட ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு பெரிதாகப் பயன்படவில்லை என்ற முடிவே வந்தது. இங்கிலாந்தின் டெர்பியில் பணியாற்றிய ஹாரி மாரோ பிரவுன் என்ற மருத்துவர் அதை நம்பவில்லை. தம் நோயாளிகளின் சளியை மைக்ராஸ்கோப்பின்கீழ் தாமே பார்த்தார். சளியில் ஈசினோபில் இருந்தவர்களுக்கு மருந்து அருமையாக வேலை செய்தது, இல்லாதவர்களுக்கு வேலை செய்யவில்லை. 1958-இல் அதை வெளியிட்டார். இந்த இரண்டு கூட்டத்தாரையும் கலந்து சராசரி எடுத்தால் பலன் மறைந்துபோகும் என்பது இத்தனை தெளிவாகச் சொல்லப்பட்ட பின்னும், முதல் மெப்போலிசுமாப் ஆய்வுகளுக்கு ஆள் சேர்த்தபோது அந்தப் பாடம் பயன்படவில்லை. ஆகவே, உங்கள் துறையின் பழைய கட்டுரைகளைப் படியுங்கள் என்று சொல்வேன். ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய கட்டுரையைத் தொடாதே என்று சொல்லும் வழிகாட்டிகள் இப்போது பெருகியிருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

இதிலிருந்து, ஆஸ்துமா ஆராய்ச்சியாளரின் அன்றாட வேலை எது என்பது விளங்கும். அது பெரும்பாலும் அளப்பது. ஜான் ஹட்சின்சன் 1846-இல் ஸ்பைரோமீட்டரை அறிமுகப்படுத்தி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூச்சை அளந்த காலத்திலிருந்தே, யார் கருவியைக் கவனமாகக் கையாண்டார்களோ அவர்களிடமிருந்துதான் இத்துறையின் நம்பத்தக்க முடிவுகள் வந்திருக்கின்றன. ஸ்பைரோமீட்டர் சோதனை பார்வைக்கு எளிது: நோயாளி முழுமூச்சு இழுத்து, ஓங்கி ஊத வேண்டும், முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியேறியது என்று கருவி காட்டும். ஆனால் அவர் உண்மையிலேயே முழுமூச்சு இழுத்தாரா, இடையில் இருமினாரா, பாதியில் விட்டுவிட்டாரா என்பதை வரைபடத்தின் வடிவத்தைப் பார்த்தே சொல்லும் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாத ஒருவர் சேகரித்த ஆயிரம் அளவுகளைவிட, உள்ள ஒருவர் சேகரித்த ஐம்பது அளவுகள் மேலானவை. சளியில் அணுக்களை எண்ணுவது இன்னும் கடினமான வேலை. உப்புச் செறிவு மிகுந்த நீரை ஆவியாக்கி முகரச் செய்து சளியை வரவழைக்க வேண்டும். அப்படிச் செய்கையில் மூச்சுக்குழாய் சுருங்கிவிடலாம் என்பதால் அருகிலேயே நின்று இடையிடையே ஊதச் சொல்லிப் பார்க்க வேண்டும். வந்ததில் எச்சிலை நீக்கிச் சளித்திரளை மட்டும் பொறுக்கி, பிசுபிசுப்பைக் கரைக்கும் வேதிப்பொருள் சேர்த்து, அணுக்கள் சிதையுமுன் தயாரித்து, சாயமேற்றி, நூற்றுக்கணக்கில் எண்ண வேண்டும். அருவருப்பான வேலை என்று ஒதுங்கிய பலரை அறிவேன். ஆனால் லெஸ்டரில் 74 நோயாளிகளிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், சளி ஈசினோபில் அளவைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைத்த பிரிவில் 35 கடுந்தாக்குதல்களும், வழக்கமான முறையில் சிகிச்சை பெற்ற பிரிவில் 109-உம் நேர்ந்தன. இத்துறையில் இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஒரு புதிய மருந்தே காட்டினாலும் கொண்டாடுவார்கள்.

ஆய்வகமோ விலையுயர்ந்த கருவியோ இல்லாமலும் உயிர்களைக் காத்த ஆராய்ச்சிகள் இத்துறையில் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குத் தவறான படமே கிடைக்கும். ஸ்பெயினின் பார்சலோனா நகரில் 1980-களில் சில குறிப்பிட்ட நாட்களில் மட்டும் திடீரென்று ஏராளமானோர் கடும் ஆஸ்துமாவோடு அவசரப் பிரிவுகளுக்கு வந்தார்கள். காற்று மாசு என்று முதலில் நினைத்தார்கள், பொருந்தவில்லை. ஹோசெப் மரியா அந்தோவும் ஜோர்டி சுன்யேரும் சேர்ந்த குழு, அந்த நாட்களைத் துறைமுகத்தின் சரக்குப் பதிவேடுகளோடு ஒப்பிட்டது. நோய் பெருகிய நாட்களில் எல்லாம் துறைமுகத்தில் சோயா மொச்சை இறக்கப்பட்டிருந்தது. சேமிப்புக் கிடங்கு ஒன்றில் தூசு வடிகட்டி இல்லாததால், சோயாத் தூசு காற்றோடு நகருக்குள் வந்திருந்தது. வடிகட்டி பொருத்திய பிறகு அத்தகைய நாட்கள் நின்றுபோயின. 1989-இல் வெளியான அந்தக் கட்டுரையை நான் இன்றும் மாணவர்களுக்குப் படிக்கக் கொடுக்கிறேன். காரணத்தைக் கண்டறிந்ததோடு, அதை நீக்கினால் நோயும் நீங்குகிறது என்பதையும் அந்நகரின் அனுபவம் காட்டியதால், தொடர்பு வேறு காரணம் வேறு என்ற வழக்கமான தடைக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

அவ்வளவு சுமுகமாக முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். நியூசிலாந்தில் 1976-க்குப் பின் ஆஸ்துமா இறப்புகள் திடீரென்று உயர்ந்தன. ஜூலியன் கிரேன், நீல் பியர்ஸ், ரிச்சர்ட் பீஸ்லி ஆகியோர் இருந்த வெலிங்டன் குழு, இறந்தவர்களின் மருத்துவப் பதிவுகளை எடுத்து, ஒத்த நோயுள்ள பிறரோடு ஒப்பிட்டு, மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் ஃபெனோடெரால் என்ற இன்ஹேலர் மருந்தே காரணமாக இருக்கலாம் என்று 1989-இல் வெளியிட்டது. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. எதிர்த்தவர்களின் வாதம் முட்டாள்தனமானதும் இல்லை: நோய் முற்றியவர்களுக்கே அந்த மருந்தை மருத்துவர்கள் எழுதிக்கொடுத்திருக்கலாம், அப்படியானால் கொன்றது நோய், மருந்து அதற்கு அடையாளம் மட்டுமே. அதற்குப் பதிலாக அக்குழு, நோய்க் கடுமையால் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தும், வேறு காலத்துத் தரவுகளில் மீண்டும் சோதித்தும் காட்டியது. மிகக் கடுமையான நோயாளிகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது தொடர்பு வலுத்ததே தவிர மறையவில்லை. அரசு எச்சரிக்கை வெளியிட்டு, மருந்தின் பயன்பாடு குறைந்த பிறகு, இறப்பும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஃபெனோடெராலுக்கே உரிய தீங்கா, இவ்வகை மருந்துகளை ஸ்டீராய்டு இல்லாமல் மிகையாக எடுப்பதால் வரும் தீங்கா என்பதில் கருத்து வேறுபாடு இன்னும் இருக்கிறது. என் எண்ணம் இரண்டுக்கும் பங்குண்டு என்பது. நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்த ஆய்வாளர்கள் தம் எதிரிகளின் மிக வலுவான வாதத்தையே எடுத்து அதற்கேற்ப அடுத்த ஆய்வை அமைத்தார்கள் என்பதை.

அதே வரிசையில் ஒன்று. சுருங்கிய மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் சால்பியூட்டமால் 1969-இல் விற்பனைக்கு வந்தது. எளிய ஆஸ்துமா உள்ளவர்கள் தேவைப்படும்போது அதை மட்டும் இழுத்துக்கொண்டால் போதும் என்பது ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் எல்லா மருத்துவர்களும் பின்பற்றிய வழக்கம். அது போதாது, தேவைப்படும்போது இழுக்கும் மருந்திலும் ஸ்டீராய்டு சேர்ந்திருக்க வேண்டும் என்று சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டு நெறிகள் 2019-இல்தான் மாற்றப்பட்டன. அதற்கு அடிப்படையான பெரிய ஆய்வுகள் 2018-இலும் 2019-இலும் வெளிவந்தவை. மிகச் சாதாரணமான, மிகப் பெரும்பாலான நோயாளிகளைப் பற்றிய ஒரு கேள்வி அரை நூற்றாண்டு உரிய முறையில் கேட்கப்படாமலே கிடந்தது என்றால், இத்துறையில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நீங்கள் அஞ்சத் தேவையில்லை.

இனி உறுதியில்லாதவற்றுக்கு வருகிறேன். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல நாடுகளில் ஆஸ்துமா ஏன் பெருகியது என்பதற்கு ஒருமித்த விடை இல்லை. டேவிட் ஸ்ட்ராகன், 1958-இல் பிறந்த 17,414 பிரிட்டிஷ் குழந்தைகளின் தரவுகளிலிருந்து, உடன்பிறந்தோர் மிகுந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தும்மலும் மூக்கொழுக்கலுமாக வரும் ஒவ்வாமை குறைவாக இருந்ததை 1989-இல் எடுத்துக்காட்டினார். சிறு வயதுத் தொற்றுகள் ஒவ்வாமையைத் தடுக்கின்றனவோ என்ற கருதுகோள் அங்கிருந்து எழுந்தது. ஜெர்மனி ஒன்றிணைந்தபோது எரிகா ஃபான் முத்தியுஸ், புகை மண்டிய கிழக்கில்தான் ஆஸ்துமா அதிகம் இருக்கும் என்று எதிர்பார்த்து ஒப்பிட்டார். மேற்கில்தான் அதிகமாக இருந்தது. அவர் தம் எதிர்பார்ப்பைக் கைவிட்டுத் தரவின் பின்னே சென்றதால், பண்ணைகளில் வளரும் குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகள் பல அதன் தொடர்ச்சியாக வந்தன. 2016-இல் அமெரிக்காவின் ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரு வேளாண் சமூகத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஒப்பிட்ட ஆய்வு வெளியானது. மரபுவழியில் நெருங்கியவர்கள், வாழ்முறையிலும் பலவற்றில் ஒத்தவர்கள்; ஆயினும் ஆமிஷ் பிள்ளைகளில் 5.2 சதவீதத்தினருக்கும் ஹட்டரைட் பிள்ளைகளில் 21.3 சதவீதத்தினருக்கும் ஆஸ்துமா இருந்தது. முன்னவர்கள் மாட்டுத் தொழுவத்தை ஒட்டிப் பழைய முறையில் வாழ்பவர்கள், பின்னவர்கள் எந்திரமயமான பெரும் பண்ணையினர். வீட்டுத் தூசியில் உள்ள நுண்ணுயிர்க் கூறுகள் இதில் பங்காற்றுகின்றன என்பதற்கு அந்த ஆய்விலேயே சான்று உண்டு. இவ்வளவும் இருந்தும், தூசியிலுள்ள எது, எந்த வயதில், எந்த அளவில் காப்பளிக்கிறது என்பது பிரித்தெடுக்கப்படவில்லை. அதை மருந்தாக்கிக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் நிலை இன்னும் வரவில்லை. "அழுக்கில் விளையாடினால் ஆஸ்துமா வராது" என்று யாரேனும் எளிமைப்படுத்திச் சொன்னால், தரவு அந்த அளவுக்குப் போகவில்லை என்று மறுக்க வேண்டும்.

சளிக்காய்ச்சலைத் தரும் ரைனோவைரஸ் பற்றியும் இதே நிலைதான். ஒன்பது முதல் பதினொரு வயதுள்ள குழந்தைகளின் ஆஸ்துமா கடுந்தாக்குதல்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு வைரஸ் தொற்று உடனிருந்ததை செபாஸ்டியன் ஜான்ஸ்டன் குழு 1995-இல் காட்டியது. கடுந்தாக்குதலை வைரஸ் தூண்டுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் மழலைப் பருவத்தில் அந்த வைரஸ் வந்து இளைப்பு கண்ட குழந்தைக்குப் பின்னாளில் ஆஸ்துமா வரும்போது, வைரஸ் நோயை உண்டாக்கியதா, அல்லது ஏற்கெனவே நோய்க்குரிய நுரையீரலை அடையாளம் காட்டியதா என்பது திறந்த கேள்வி. இதற்கு விடை காண, பிறந்த நாள் முதல் பின்தொடரும் ஆய்வுகளே வழி. அரிசோனாவின் டூசானில் 1980-இல் 1,246 பச்சிளங் குழந்தைகளோடு ஓர் ஆய்வு தொடங்கியது. மூன்று வயதுக்குள் இளைப்பு வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆறு வயதில் அது இல்லை என்று ஃபெர்னாண்டோ மார்ட்டினெஸ் குழு 1995-இல் வெளியிட்டபோது, உலகெங்கும் பெற்றோரிடம் மருத்துவர்கள் பேசும் விதமே மாறிற்று. அப்படி ஓர் ஆய்வைத் தொடங்குபவர், அதன் முக்கிய விடைகளைத் தம் ஓய்வுக்குப் பின் பிறர் எழுதக் காணலாம். அதற்கு மனம் ஒப்பாதவர்கள் வேறு வகை ஆய்வைத் தேர்ந்துகொள்வது நல்லது. அதில் குறையொன்றும் இல்லை.

விலங்கு ஆய்வுகளைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது, ஆய்வகத்தார் உடன்படாமல் போகலாம். எலிக்கு இயல்பாக ஆஸ்துமா வருவதில்லை. முட்டைப் புரதத்தைச் செலுத்தி ஒவ்வாமையை உண்டாக்கிச் சில வாரங்களில் உருவாக்கும் நிலைக்கும், ஒரு மனிதர் முப்பது ஆண்டுகள் சுமக்கும் நோய்க்கும் இடைவெளி மிகப் பெரிது. எலியில் வெற்றி பெற்று மனிதரில் தோற்ற மருந்துகள் பல. இன்டர்லூக்கின்களின் வேலையைப் புரிந்துகொள்ள எலி உதவியது என்பதை மறுக்கவில்லை. எலியின் முடிவை நோயாளியின் முடிவாக எழுதும் வழக்கத்தைத்தான் மறுக்கிறேன்.

தம் உடலையே சோதனைக் களமாக்கிய ஒரு தலைமுறையையும் இத்துறை கண்டிருக்கிறது. சிரியாவின் அலெப்போவில் பிறந்த ரோஜர் அல்தூன்யான், தாமே ஆஸ்துமா நோயாளி. தமக்கு ஒவ்வாத கினிப் பன்றியின் உதிர்முடிச் சாற்றை முகர்ந்து ஆஸ்துமாவை வரவழைத்து, புதிய சேர்மங்களைத் தம்மீதே ஆண்டுக்கணக்கில் சோதித்து, 1965-இல் குரோமோகிளைக்கேட் என்ற ஆஸ்துமா மருந்தை அடைந்தார். விமானியாக இருந்தவர் என்பதால், மருந்துத் தூளைச் சுழற்றி அனுப்பும் கருவிக்கு விமான விசிறியின் தத்துவத்தைப் பயன்படுத்தினார். கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோ இஷிசாகாவும் அமெரிக்காவின் டென்வரில் 1966-இல், ஒவ்வாமைக்குக் காரணமான இம்யூனோகுளோபுலின்-ஈ என்ற எதிர்ப்புப்பொருளைக் கண்டறிந்தபோது, நோயாளிகளின் சீரத்தைத் தம் முதுகுத் தோலிலேயே செலுத்திப் பார்த்தார்கள். போற்றத்தக்கவர்கள்தான், ஆயினும் பின்பற்றத்தக்க முறை இல்லை. இன்று நெறிமுறைக் குழு அனுமதிக்காது, அனுமதிக்காததும் சரியே. ஒருவரின் உடல் தரும் விடை அந்த ஒருவருக்கே உரியதாக இருந்துவிடக் கூடும்.

வாழ்க்கை எப்படி இருக்கும் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு இப்போது சொல்கிறேன். மருத்துவராக இருந்துகொண்டே ஆராய்ச்சி செய்பவரின் வாரம் இரண்டாகப் பிளந்திருக்கும்; நோயாளிகள் பிரிவு எப்போதும் ஆராய்ச்சி நேரத்தைத் தின்றுகொண்டே இருக்கும். நிதி உதவி விண்ணப்பங்கள் பெரும்பாலும் நிராகரிக்கப்படும். ஆய்வுக்கு ஆள் சேர்வது நீங்கள் போட்ட கணக்கைவிட மிக மெதுவாகவே நடக்கும். வந்தவர்களிலும் பலரைத் தகுதி விதிகளால் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். இந்தத் தகுதி விதிகளைப் பற்றி வெலிங்டனிலிருந்து 2007-இல் வந்த ஓர் ஆய்வு உண்டு: பொதுமக்களிடையே ஆஸ்துமா உள்ளவர்களை எடுத்து, சிகிச்சை நெறிகளுக்கு அடிப்படையான பெரிய மருந்தாய்வுகளில் சேரும் தகுதி அவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும் என்று பார்த்தார்கள். மருந்தாய்வுக்கு மருந்தாய்வு மாறிய அந்த விகிதங்களின் இடைநிலை அளவு வெறும் 4 சதவீதம். புகைபிடிப்பவர், முதியவர், வேறு நோயுள்ளவர், மூச்சுக்குழாய் போதிய அளவு விரியாதவர் எல்லாரும் வெளியே. ஆக, நாம் எழுதிக்கொடுக்கும் மருந்துக்கான சான்று பெரும்பாலும் நம் முன்னே உட்கார்ந்திருக்காத ஒருவரிடமிருந்து வந்தது. இந்த இடைவெளியை நிரப்பும் ஆய்வுகளுக்கு மருந்து நிறுவனங்கள் அவ்வளவாகப் பணம் தருவதில்லை, ஏனென்றால் அதில் விற்பனைக்கு ஒன்றும் இல்லை. நிறுவனப் பணத்தை அறவே தொடக் கூடாது என்பவன் அல்லன் நான். மேலே சொன்ன மெப்போலிசுமாப் போன்ற புதிய மருந்துகள் அப்பணமின்றி வந்திருக்காது. தரவு யார் கையில் இருக்கும், பாதகமான முடிவை வெளியிடும் உரிமை உங்களுக்கு உண்டா என்ற இரண்டையும் எழுத்தில் பெறாமல் கையெழுத்திடாதீர்கள் என்பதே என் நிலை.

பெரிய ஆய்வகம் அமையாவிட்டால் இத்துறையில் இடமில்லையோ என்றும் அஞ்ச வேண்டாம். 1991-இல் உருவாகி, நியூசிலாந்தின் ஆக்லாந்தைச் சேர்ந்த இன்னெஸ் ஆஷர் வழிநடத்திய குழந்தைகள் ஆஸ்துமா ஆய்வு, ஒரு சிறிய வினாத்தாளையும் மூச்சிளைப்பைக் காட்டும் ஒரு வீடியோவையும் வைத்துக்கொண்டு, 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ இருபது லட்சம் குழந்தைகளைச் சென்று சேர்ந்தது. நாட்டுக்கு நாடு ஆஸ்துமாவின் அளவு பல மடங்கு வேறுபடுகிறது என்பதை அதுவே நிறுவியது. மரபணு மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்பதற்கு இன்றும் அதைத்தான் காட்டுகிறோம். ஒவ்வோர் ஊரிலும் ஒரே கேள்வியை ஒரே முறையில் கேட்க வேண்டும் என்ற பிடிவாதம்தான் அந்த ஆய்வின் முதலீடு.

மேற்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளில் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். கட்டுரை எண்ணிக்கையைத் துரத்தாமல், ஏதேனும் ஓர் அளவீட்டைப் பிறர் உங்களிடம் வந்து சந்தேகம் கேட்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்பைரோமெட்ரியோ, சளி அணு எண்ணிக்கையோ, மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு அளப்பதோ எதுவாயினும் சரி. புள்ளியியலை வேறொருவரிடம் விட்டுவிடலாம் என்று எண்ணாதீர்கள்; ஃபெனோடெரால் வாதத்தைத் தாள்பேனாவோடு நீங்களே பின்தொடர முடிகிற வரையாவது கற்க வேண்டும். புறநோயாளிப் பிரிவில், மருந்து ஒழுங்காக எடுத்தும் குணம் காணாதவர்களைத் தனியே குறித்து வையுங்கள். அவர்களில் பலர் இன்ஹேலரைத் தவறாக இழுப்பவர்களாக இருப்பார்கள், சிலருக்கு இருப்பது ஆஸ்துமாவாகவே இராது. அவர்களைக் கழித்த பின் எஞ்சுகிறவர்களிடம்தான் உங்களுக்கான ஆய்வுக் கேள்வி பெரும்பாலும் இருக்கும்.

ஆய்வு வழிகாட்டியைத் தேர்வதற்கு முன் அவரிடம் இரண்டு செய்திகளை நேரடியாகக் கேளுங்கள். உங்கள் ஆய்வுகளில் எதிர்பார்த்த முடிவு வராதவை எவை, அவை வெளியாயினவா என்பது ஒன்று. கடைசியாக உங்களிடம் பயின்று சென்ற மாணவர்கள் இப்போது எங்கே, என்ன செய்கிறார்கள் என்பது மற்றொன்று. முடிந்தால் அம்மாணவர்களில் ஒருவரையேனும் தேடிப் பேசிவிட்டு, அதன் பிறகு விண்ணப்பியுங்கள்.